உருளைக்கிழங்கு நறுக்கும் பக்குவம்

உருளைக்கிழங்கு கத்திக்கு அடங்காமல் போவதற்கு அதன் வடிவமும் அதன் மாவும் காரணம். எந்தப் பக்கம் வைத்தாலும் அது பலகையைச் சிறு புள்ளியில்தான் தொடுகிறது. கத்தி அழுத்தியதும் உருள்கிறது. எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், மிச்சத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து. கத்தி இறங்கும்போது உடைகிற செல்களிலிருந்து மாவு கலந்த சாறு கசிகிறது. அது விரலுக்கு வழுக்கல், கத்தியின் பக்கவாட்டுக்குப் பசை. நறுக்கிய வில்லை கத்தியோடு ஒட்டிக்கொண்டு மேலே வருவதும், அடுத்த வில்லை அதைத் தள்ளிச் சிதறடிப்பதும் இதனால்தான். உருண்டைக்குத் தட்டையான ஓர் இருக்கை அமைத்துக்கொடுத்து, மாவுச்சாற்றைத் தண்ணீரால் அகற்றிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி, கிழங்கு எந்தப் பாத்திரத்துக்குப் போகிறது என்பதை நறுக்குவதற்கு முன்பே முடிவு செய்வதில் இருக்கிறது.

பாலக்காட்டின் கிழக்கெல்லையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்து வீடுகளுக்கும், இடுக்கியின் எல்லையில் வட்டவடை, காந்தளூர், மறையூர், குமுளி பக்கத்து வீடுகளுக்கும் கிழங்கு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று மலைக்கிழங்கு. வட்டவடையின் படிக்கட்டு வயல்களில் பூண்டு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸோடு உருளையும் விளைகிறது. ஓணச் சந்தைக்கு அங்கிருந்து காய்கறி இறங்குவது ஆண்டுதோறும் நடப்பது. நீலகிரிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டி வழியாகப் பாலக்காட்டுக்கு வருகிறது. மற்றது சமவெளிக் கிழங்கு: கோலார், குஜராத், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் விளைந்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கோ ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைகளுக்கோ வந்து, அங்கிருந்து கேரளத்துக்குப் போவது. வட இந்தியக் கிழங்கு பிப்ரவரி, மார்ச்சில் தோண்டப்பட்டுப் பல மாதங்கள் குளிர்பதனக் கிடங்கில் இருந்துவிட்டு வரும். நீலகிரியில் ஆண்டுக்கு மூன்று போகம் என்பதால் மலைக்கிழங்கு பெரும்பாலும் புதியது.

இந்த வேறுபாடு கத்தியில் தெரியும். புதிய கிழங்கு விறைப்பாக இருக்கும். கத்தி பட்டதும் சத்தத்தோடு வெட்டுப்படும், துண்டின் விளிம்பு கூராக நிற்கும். நாள்பட்ட கிழங்கு நீர் வற்றித் துவண்டிருக்கும். பீலருக்கும் கத்திக்கும் வளைந்து கொடுத்து, தோல் சீவும்போது சதையையும் சேர்த்து இழுக்கும். துவண்ட கிழங்கை முழுதாகவே அரைமணி நேரம் குளிர்ந்த நீரில் போட்டு வைத்தால் விறைப்பு ஓரளவு திரும்பும், நறுக்குவதும் எளிதாகும். குளிர்கிடங்கில் இருந்த கிழங்குக்கு இன்னொரு குணம் உண்டு. நான்கு டிகிரி செல்சியஸ் போன்ற குளிரில் அதன் மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறுகிறது. அதை எவ்வளவு மெல்லிதாக, எவ்வளவு சீராக நறுக்கினாலும் எண்ணெயில் போட்டதும் கருகிச் சிவந்துவிடும். வறுவலுக்கு அதை எடுக்காமல் இருப்பதே நல்லது. எடுக்க நேர்ந்தால் ஒன்றிரண்டு வாரம் சமையலறை வெப்பத்தில், இருட்டில் வைத்திருந்து பிறகு நறுக்க வேண்டும்.

வாங்கும்போது உருவத்தையும் கண்களையும் பார்த்து எடுப்பது நறுக்குகிறவருக்குப் பெரிய உதவி. குழிந்த கண்கள் நிறைய உள்ள கிழங்கில், சீவி முடித்த பிறகு கத்திமுனையால் தோண்டுவதற்கே சீவிய அளவு நேரம் போய்விடும். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1968-இல் வெளியிட்ட குஃப்ரி ஜோதி என்ற ரகம் நீலகிரியில் வெகுகாலம் பரவலாக இருந்தது. அதன் கிழங்கு நீள்வட்டமாக, மேலோட்டமான கண்களோடு, வெண்மையான சதையோடு இருக்கும். பெயர் கேட்டு வாங்க முடியாவிட்டாலும் அந்த உருவத்தைத் தேடி எடுக்கலாம். ஒரே அளவான கிழங்குகளாகப் பொறுக்குவது இன்னும் முக்கியம். கிலோவுக்கு எட்டிலிருந்து பத்து வரை நிற்கும் கிழங்கு உள்ளங்கைக்கு அடங்கும், சீவவும் நறுக்கவும் தோதானது. கோலிக்குண்டுகளாக வாங்கினால் விலை குறையலாம். ஆனால் ஒரு கிலோவுக்கு இரண்டு மடங்குத் தோலைச் சீவ வேண்டியிருக்கும். பச்சை படர்ந்ததையும் முளை விட்டதையும் கடையிலேயே ஒதுக்கிவிட வேண்டும். அந்தப் பச்சை இருக்கும் இடத்திலும் முளையிலும் சோலனைன் என்ற நச்சுப்பொருள் கூடுதலாக இருக்கும். வேகவைப்பதால் அது போகாது. வீட்டிலேயே வெளிச்சம் பட்டுச் சிறிது பச்சையானால், அந்த இடத்தை ஆழமாக வெட்டி எறியலாம். முழுதும் பச்சையாகவோ கசப்பாகவோ இருந்தால் கிழங்கையே எறிய வேண்டும்.

மண்ணோடு சீவக் கூடாது. மலைக்கிழங்கில் ஒட்டியிருக்கும் மண் பீலரின் கூர்மையையும் கத்தியின் கூர்மையையும் தின்றுவிடும். பத்து நிமிடம் ஊறவைத்துக் கையால் உரசிக் கழுவினால் போதும். அன்றைக்குத் தோண்டிய இளங்கிழங்கின் தோல் சீவ வேண்டிய அவசியமே இல்லாதபடி மெல்லிது. ஈரச் சாக்குத்துணியில் போட்டுத் தேய்த்தால் உரிந்துவிடும். கல்யாணச் சமையல்காரர்கள் கிழங்கைச் சாக்கில் அள்ளிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, இரண்டு பேர் இருமுனையிலும் பிடித்து உருட்டுவது இதற்காகத்தான். முற்றிய தோலுக்குப் பீலர் வேண்டும். கிழங்கின் நீளவாக்கில், உடம்புக்கு வெளிப்புறமாக, நீண்ட வீச்சாகச் சீவ வேண்டும். குறுக்காகச் சுற்றிச் சுற்றிச் சீவுகிறவர்கள் கிழங்கை அடிக்கடி திருப்பவேண்டியிருப்பதால் வேலை இரட்டிக்கிறது. சீவிய கிழங்கு உடனே தண்ணீருக்குள் போக வேண்டும்.

பாலக்காட்டில் கல்யாணச் சமையலுக்குத் தேகண்டம் என்று பெயர். தேகண்டக்காரர்களிடமிருந்து வீட்டுக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதில் முதலாவது, வேலையை அடுக்கும் முறை. வீட்டில் பொதுவாக ஒரு கிழங்கை எடுத்து, சீவி, பிளந்து, நறுக்கி, பாத்திரத்தில் போட்டுவிட்டு அடுத்ததைக் கையில் எடுப்பார்கள். ஒவ்வொரு கிழங்குக்கும் பீலரை வைத்துவிட்டுக் கத்தியை எடுக்க வேண்டும், பிடியை மாற்ற வேண்டும், ஈரக்கையைத் துடைக்க வேண்டும். தேகண்டத்தில் எல்லாக் கிழங்கையும் சீவிய பிறகே முதல் வெட்டு விழும். எல்லாவற்றையும் பிளந்த பிறகே வில்லை போடத் தொடங்குவார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது கை தானாகவே அளவு பிடித்துக்கொள்கிறது. பத்தாவது கிழங்கில் வரும் சீர்மை முதல் கிழங்கில் வராது. இரண்டு கிலோ நறுக்க வேண்டிய வீட்டிலும் இந்த ஒரு மாற்றம் எந்தக் கருவியையும் விட அதிகம் உதவும்.

முதல் வெட்டு எப்போதும் நீளவாக்கில், சரிபாதியாக. இதனால் கிடைக்கும் இரண்டு அரைக்கிழங்குகளும் தட்டையான முகத்தோடு பலகையில் குந்திக்கொள்கின்றன. இனி உருள இடமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதும் இந்த வெட்டில் தெரிந்துவிடும். மிகப் பெரிய கிழங்குகளில் நடுவில் பொந்து இருப்பது உண்டு; அதைச் சுரண்டிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம். அந்துப்பூச்சிப் புழு குடைந்த கறுப்புத் தடம் இருந்தால் அந்தப் பாகத்தை வெட்டி எறிய வேண்டும். தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம் தெரிந்து, அழுத்தினால் சீழ்போலக் கசிந்தால் அது வாடல் நோய் கண்ட கிழங்கு. முழுவதையும் ஒதுக்க வேண்டியதுதான். கிழங்கைப் பிளக்காமல் முழு உருண்டையாகவே வட்டவட்டமாக நறுக்க வேண்டியிருந்தால், ஒரு பக்கத்தில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, அந்தச் சீவிய இடத்தை அடியில் வைத்து நறுக்க வேண்டும்.

கத்தி மெல்லியதாக இருக்க வேண்டும். முதுகு தடித்த கத்தி உருளைக்குள் ஆப்புபோல இறங்குகிறது. கூர்முனை போகும் முன்பே கிழங்கு பிளந்துகொண்டு கோணலாக உடைகிறது. ஆறு அங்குல நீளமும் மெல்லிய முதுகும் உள்ள சாதாரணக் கத்தி வீட்டுக்குப் போதும். நேராகக் கீழே அழுத்தாமல், முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இறக்க வேண்டும். கிழங்கைப் பிடிக்கும் கையின் விரல்நுனிகள் உள்பக்கமாக மடங்கியிருக்க, கட்டைவிரல் அவற்றுக்குப் பின்னால் இருக்க, கத்தியின் பக்கம் விரல்கணுக்களை உரசிச் செல்ல வேண்டும். விரல்கணுவை எவ்வளவு பின்னால் நகர்த்துகிறோமோ அதுவே துண்டின் தடிமன். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் பலகை நகராது. கத்தியை அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொண்டால் வில்லைகள் ஒட்டுவது குறையும்.

அரிவாள்மணையில் கதையே வேறு. அங்கே வெட்டும் இரும்பு மணைக்கட்டையில் நிலையாக நிற்கிறது, அசைவது கிழங்குதான். உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி மணையை அழுத்திக்கொண்டால் இரண்டு கைகளும் கிழங்குக்குக் கிடைக்கின்றன. உருளும் என்ற பிரச்சினையே எழுவதில்லை. அலகு தன்பக்கம் வளைந்திருப்பதால் கிழங்கை முன்னோக்கித் தள்ளும்போதே அது சாய்வாக அறுபடுகிறது. கல்பாத்தி, நூரணி அக்ரஹாரங்களில் வயதான பெண்கள் இதில் நறுக்கும் முறை கவனிக்கத்தக்கது. அரைக்கிழங்கை எடுத்து, ஒரு முனையைத் துண்டிக்காமல் விட்டு, நீளவாக்கில் நாலைந்து கீறல் போடுவார்கள். பிறகு கால்வட்டம் திருப்பி மறுபடியும் கீறல். துண்டிக்காத முனை பிடியாகக் கையில் நிற்கும். கடைசியாகக் குறுக்கே அறுக்கும்போது சதுரத்துண்டுகள் கீழே வைத்த பாத்திரத்துத் தண்ணீரில் நேரே விழும். பலகையிலிருந்து அள்ளுவது என்ற வேலையே இல்லை. தரையில் உட்கார முடிகிறவர்களுக்கு ஒன்றிரண்டு கிலோ நறுக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. முழங்கால் மடங்காதவர்களுக்குச் சமையல் மேடையில் திருகிப் பொருத்தும் அரிவாள்மணைகள் கிடைக்கின்றன. பழகாத கைக்கு அரிவாள்மணை ஆபத்தானது. குழந்தைகள் தவழும் வீட்டில் அதைத் தரையில் விட்டு எழுந்திருக்கவே கூடாது.

உருளை இந்த அடுக்களைக்குப் பிந்தி வந்த விருந்தாளி. தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைகளில் பிறந்து, போர்ச்சுகீசியர் மூலம் இந்தியாவுக்கு வந்து, 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் நீலகிரியில் வேரூன்றியது. திவசச் சமையலில் இன்றும் அதற்கு இடமில்லை. அது வரும்போது வாழைக்காய்க்கும் சேனைக்கும் பூசணிக்கும் இங்கே வெட்டுமுறைகள் இருந்தன. உருளை அவற்றுக்குள் போய் அமர்ந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும். மெழுக்குபுரட்டிக்கு உருளையை வாழைக்காய் மாதிரி விரல்நீளக் குச்சிகளாக, ஒரு சென்டிமீட்டர் தடிமனில் நறுக்குகிறார்கள். அரைக்கிழங்கைத் தட்டையான முகம் கீழே இருக்க வைத்து ஒரு சென்டிமீட்டர் பலகைகளாக அறுத்து, இரண்டு மூன்று பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதே அளவில் மறுபடி அறுத்தால் குச்சிகள் வந்துவிடும். நான்கு பலகைகளுக்கு மேல் அடுக்கினால் சாறு வழுக்கி நகர்ந்துவிடும். அந்தக் குச்சிகளைக் கொத்தாகச் சேர்த்துக் குறுக்கே அறுத்தால் வறுவலுக்கான சிறு சதுரங்கள். சாம்பாருக்குப் போடும் துண்டு இதைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக இருக்கும். சிறியதாக நறுக்கினால் கொதியில் கரைந்து பருப்போடு கலந்துவிடும். இஷ்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் சதுரம். அங்கே சில துண்டுகள் உடைந்து தேங்காய்ப்பாலைக் கெட்டிப்படுத்துவது வேண்டியதே. அதனால் ஒரு கைப்பிடித் துண்டை மட்டும் வேண்டுமென்றே சிறிதாக நறுக்கிச் சேர்ப்பது நல்ல வழக்கம்.

சமமாக நறுக்குவது அழகுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சீராக வேகுவதற்காக. வேகும் நேரம் தடிமனோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. தடிமன் இரண்டு மடங்கானால் சூடு நடுவை எட்ட ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் ஆகிறது. ஒரு சென்டிமீட்டர் துண்டும் இரண்டு சென்டிமீட்டர் துண்டும் ஒரே சட்டியில் இருந்தால், பெரியது வெந்து முடியும்போது சிறியது கூழாகியிருக்கும். சற்றே பெரிய துண்டுகள் கலந்துவிட்டால் பரவாயில்லை என்று விடுவதற்கு இடமே இல்லை. உருளைப் பொரியல் குழைந்துபோனதற்குத் தீயைக் குறைசொல்லும் வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி பலகையில் இருக்கும்.

இடம் மாறினாலும் இந்தக் கணக்கு மாறுகிறது. பாலக்காட்டு நகரம் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்குள்தான். அங்கே தண்ணீர் கிட்டத்தட்ட 100 டிகிரியில் கொதிக்கிறது. உயரம் 300 மீட்டர் கூடக் கூடக் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும். காந்தளூர், வட்டவடை, மூணாறு போன்ற இடங்கள் ஏறத்தாழ 1,500 மீட்டரிலும் அதற்கு மேலும் இருப்பதால் அங்கே கொதிநீர் 95 டிகிரியைத் தாண்டுவதில்லை. எவ்வளவு விறகு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. பாலக்காட்டில் சரியாக வேகும் அளவுத் துண்டு மலையில் நடுவில் நறுக்கென்று நிற்பது இதனால்தான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மறையூருக்கோ வட்டவடைக்கோ மருமகளாகப் போகிறவள் முதல் வாரத்திலேயே இதைக் கண்டுகொள்வாள். துண்டைக் கால்பங்கு சிறிதாக்குவது ஒரு வழி. குக்கரில் வைப்பது மற்றது. மலை வீடுகளில் குக்கர் வசதிக்கான பொருள் என்பதைவிட அவசியமான பொருள்.

புளிக்கும் இதில் பங்குண்டு. காய்கறியின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் துண்டு மெத்தென்று ஆகும். புளிப்பு அதைக் கரையவிடாமல் பிடித்துவைக்கிறது. புளித்தண்ணீரில் நேரடியாகப் போட்ட உருளை எவ்வளவு கொதித்தாலும் விறைப்பாகவே இருப்பது அதனால்தான். சாம்பாரிலும் புளிங்கறியிலும் துண்டுகளை வெறும் தண்ணீரில் முக்கால்பதம் வேகவைத்துவிட்டுப் பிறகு புளி கரைத்து ஊற்ற வேண்டும். தக்காளிக்கும் இதே விதி. இதையே திருப்பியும் பயன்படுத்தலாம்: சிறிதாக நறுக்கிவிட்ட துண்டுகள் குழையாமல் நிற்க வேண்டுமானால், பாதி வெந்ததும் சீக்கிரமே புளியைச் சேர்த்துவிடலாம்.

நறுக்கிய கிழங்கு காற்றுப்பட்டதும் சிவந்து, பிறகு கறுக்கும். உடைந்த செல்களிலிருந்து வெளிவரும் நொதி, கிழங்கில் உள்ள ஃபீனால் பொருள்களை ஆக்சிஜனோடு சேர்ப்பதால் வருவது அது. தண்ணீரில் முழுதாக மூழ்கியிருக்கும்வரை காற்று எட்டாது. மோர் சிறிது கலந்த தண்ணீர் இன்னும் நல்லது, புளிப்பு அந்த நொதியை மந்தப்படுத்தும். துருப்பிடித்த இரும்பு அலகில் நறுக்கினால் வேறொரு கறையும் சேரும். இரும்பும் ஃபீனால்களும் கூடி நீலங்கலந்த சாம்பல்நிறம் தரும். அது கழுவினாலும் போகாது. அரிவாள்மணையை நறுக்குவதற்கு முன் ஈரத்துணியால் ஒருதரம் துடைக்கும் பழக்கம் இதைத் தடுக்கிறது. தண்ணீரில் ஊறவைப்பது அரைமணி நேரத்துக்கு நல்லது. இரவே நறுக்கி மறுநாள் வரை தண்ணீரில் போட்டுவைப்பவர்கள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், அந்தத் தண்ணீரில் வைட்டமின் சி-யும் பொட்டாசியமும் கொஞ்சம் இறங்கிப் போவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வேகவைத்து நறுக்குவதற்கு வேறு விதி. முழுக்கிழங்கின் நடுவைச் சுற்றித் தோல் மட்டும் அறுபடும்படி ஒரு கீறல் போட்டுவிட்டு வேகவைத்தால், ஆறியதும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாலே தோல் தொப்பிபோல வந்துவிடும். சூடான கிழங்கை நறுக்கக் கூடாது. மாவு இளகியிருக்கும், கத்தியில் இழுபடும். முழுவதும் ஆறினால், முடிந்தால் ஓரிரு மணிநேரம் குளிரவிட்டால், உள்ளே மாவு இறுகிக்கொள்ளும். அப்போது நறுக்கினால் விளிம்பு உதிராமல் சதுரம் சதுரமாக வரும். பொடிமாஸுக்குக் கத்தியே வேண்டாம், கையால் உதிர்ப்பதுதான் சரி. கத்தியால் நறுக்கிய பொடிமாஸில் மசாலா வெளிப்பக்கம் மட்டுமே பூசியிருக்கும்.

கடைகளில் விற்கும் கருவிகளில் சிப்ஸ் சீவும் கட்டை ஒன்றுதான் உண்மையில் உருளைக்கு ஈடுகொடுப்பது. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் நூறு வில்லைகளைக் கத்தியால் ஒரே சீராகப் போடுவது தொழில்காரர்களுக்கே கடினம். நேந்திரங்காயைக் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலேயே சீவி இறக்குவது சிப்ஸ் கடைகளின் பழக்கம். வீட்டில் உருளையை அப்படிச் செய்யக் கூடாது. வில்லைகளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, மாவு போனதும் துணியில் பரப்பி ஈரம் போக்கி, பிறகு பொரிக்க வேண்டும். அலசாத வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். சீவும்போது விரல்காப்பைப் பயன்படுத்த வேண்டும். காப்பு இல்லாவிட்டால் கிழங்கின் கடைசித் துண்டைச் சீவாமல் விட்டு, பொரியலுக்கு வைத்துக்கொள்வதே முறை. கட்டைவிரல் அளவுக் கிழங்குத் துண்டை மிச்சப்படுத்தப் போய்த்தான் பெரும்பாலான காயங்கள் வருகின்றன. நெம்புகோலை அழுத்திக் குச்சியாக்கும் சட்டக்கத்தி, வாரம் தவறாமல் அதே வெட்டைப் போடும் வீட்டுக்கு மட்டும் ஏற்றது. கயிறு இழுத்துச் சுழற்றும் சாப்பர் வெங்காயத்துக்கு நல்லது, உருளைக்கு உதவாது: ஒரு பங்கு கூழும் ஒரு பங்கு பெருந்துண்டும் கலந்து கிடைக்கும்.

வேலை முடிந்ததும் கத்தியிலும் அரிவாள்மணையிலும் காய்ந்து வெளுத்திருக்கும் மாவை உடனே கழுவ வேண்டும். காய்ந்த மாவு ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் துருவேற்றும். கழுவித் துடைத்து, எவர்சில்வராக இல்லாவிட்டால் தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவி வைக்கலாம். மழுங்கிய கத்தி உருளையின் மேல் வழுக்கி விரலுக்குப் போகும். கூரான கத்தியைவிட அதுதான் ஆபத்து. மாதம் ஒருமுறையாவது வீட்டிலேயே தீட்டுகல்லில், அலகைப் படுத்தவாக்கில், ஒரே சாய்வில், இருபுறமும் சம எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். தீட்டுகல் இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு பூசாத வளையம் அந்த வேலையைச் செய்யும். சாணை பிடிக்கிறவர் தெருவில் வரும்போது அரிவாள்மணையை அவரிடம் கொடுக்கலாம். சாணைச் சக்கரம் அலகின் இரும்பை வேகமாகத் தேய்த்துவிடும் என்பதால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.